சிவப்பு குறைந்தது, பார்வையும் குறைந்தது: விழித்திரையைத் தின்னும் வைரஸ் – ஒரு நிகழ்வு ஆய்வு

அக்யூட் ரெட்டினல் நெக்ரோசிஸ் என்ற நோயைக் கண் மருத்துவர்களிலேயே பலர் பாடப் புத்தகத்தில் படித்ததோடு சரி. சுருக்கமாக ஏ.ஆர்.என். என்பார்கள். ஹெர்பீஸ் குடும்பத்து வைரஸ் ஒன்று விழித்திரையின் ஓரத்தில் கிளம்பி, அந்தத் திசுவைச் சாகடித்துக்கொண்டே சுற்றிலும் பரவி, பிறகு நடுப்பகுதியை நோக்கி வரும். பிரிட்டனில் எடுத்த கணக்குப்படி ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் ஒருவருக்குக்கூட இது வருவதில்லை. அத்தனை அரிதான நோய், ஆனால் ஆரம்பத்தில் பார்த்தால் தினமும் வருகிற சாதாரணச் சிவந்த கண் போலவே இருக்கும். சிக்கலே அங்கேதான்.

கீழே வரும் நோயாளி ஒரு குறிப்பிட்ட ஆள் அல்ல. இந்த நோய் வழக்கமாக எப்படி வரும், எங்கே ஏமாற்றும், எங்கே கை கொடுக்கும் என்பதை ஒரே ஆளின் மேல் வைத்து, படிப்பதற்காகத் தொகுத்திருக்கிறேன். மருந்தின் அளவுகளும் மற்ற தகவல்களும் நடைமுறையில் உள்ளவையே. ஆனால் இதைப் பார்த்து யாரும் தாமாக மருந்து எடுக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வந்த நிலை

42 வயது ஆண், பள்ளி ஆசிரியர். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. 9 நாளாக வலது கண்ணில் சிவப்பு, உள்ளே மந்தமான வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம். முதலில் காட்டிய இடத்தில் கண்ணின் முன்பகுதியில் அழற்சி, அதாவது ஆன்டீரியர் யுவியைட்டிஸ் என்று சொல்லி ஸ்டீராய்டு சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாளில் சிவப்பு குறைந்தது, வலியும் குறைந்தது. சரியாகிவிட்டது என்றுதான் அவரும் நினைத்தார். அப்புறம் பார்வை மங்க ஆரம்பித்தது.

"கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்கிற மாதிரி இருந்தது டாக்டர். இன்னைக்குக் காலையில எழுந்தா ஒரே புகை மூட்டம்."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கண்ணின் முன்பகுதி அழற்சி மட்டும் என்றால், மருந்து வேலை செய்து சிவப்பு குறையும்போது பார்வையும் கூடவே தெளிய வேண்டும். சிவப்பும் வலியும் இறங்க, பார்வையும் சேர்ந்து இறங்குகிறது என்றால் நோய் முன்னால் இல்லை, பின்னால் இருக்கிறது. சொட்டு மருந்து முன்பகுதியை அமைதிப்படுத்தியிருக்கிறது. வைரஸைத் தடுக்க எதுவும் போகவில்லை. தடுப்பு மருந்து இல்லாமல் கொடுத்த ஸ்டீராய்டு, அந்த இடத்தின் எதிர்ப்பைத் தளர்த்தி அதற்கு வழிகூட விட்டிருக்கலாம்.

முதலில் பார்த்தவரைக் குறை சொல்வது எளிது. முன்பகுதி அழற்சியோடு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்தச் சொட்டு மருந்துதான் சரியான வைத்தியம். ஆனால் கண்ணின் பாவையை மருந்தால் விரித்து விழித்திரையின் ஓரம் வரை பார்க்காமல் ஸ்டீராய்டைத் தொடங்கக் கூடாது என்ற பழைய விதி இப்படிப்பட்ட ஒருவருக்காகத்தான் இருக்கிறது. நேரமில்லை, கூட்டம் அதிகம், பாவை விரிந்தால் நோயாளி வண்டி ஓட்டிப் போக முடியாது என்று அதைத் தள்ளிப்போட எல்லாருக்கும் காரணம் கிடைக்கும்.

கேட்டுத் தெரிந்துகொண்டவை: சிறு வயதில் சின்னம்மை வந்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் விலாப்பக்கம் அக்கி வந்து, தானாகவே காய்ந்துவிட்டது. இதை அவராகச் சொல்லவில்லை, கேட்ட பிறகுதான் சொன்னார். கண்ணுக்கும் விலாவில் வந்த கொப்புளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. மூளைக்காய்ச்சல் வந்ததில்லை, தலைவலி இல்லை, வாய்ப்புண் இல்லை. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை.

பரிசோதனை

வலது கண் பார்வை 6/18, இடது 6/6, அதாவது முழுப் பார்வை. கண் அழுத்தம் வலதில் 30, இடதில் 14. கண்ணுக்குள் அழற்சி இருந்தால் பொதுவாக அழுத்தம் இறங்கத்தான் செய்யும். அழற்சியும் இருந்து அழுத்தமும் ஏறியிருந்தால், ஹெர்பீஸ் வகையை முதல் சந்தேகத்தில் வைக்க வேண்டும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தாலும் அழுத்தம் ஏறும்தான். ஆனால் அதற்குப் பெரும்பாலும் சில வாரங்கள் பிடிக்கும்.

ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் கருவிழியின் உட்புறம் பருத்த, எண்ணெய்ப் பசையான படிவுகள். முன்னறையில் அழற்சி செல்கள். விட்ரியஸ் எனப்படும் பின்பகுதி ஜெல்லி முழுக்கக் கலங்கல்.

பாவையை விரித்து, இண்டைரக்ட் ஆஃப்தல்மாஸ்கோப்பை நெற்றியில் மாட்டிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. கடிகார முள் கணக்கில் 8 மணியிலிருந்து 11 மணி வரை, காதுப்பக்க ஓரத்தில், மஞ்சள் கலந்த வெள்ளைத் திட்டுகள். சில தனித்தனியாக, சில ஒன்றோடொன்று சேர்ந்து. விளிம்பு தெளிவாக இருந்தது. அந்தப் பகுதித் தமனிகள் மெலிந்து, சுவர் வெளுத்திருந்தன. ஓரிரண்டு ரத்தக் கசிவு. பார்வை நரம்பின் தலை லேசாக உப்பியிருந்தது. நடுவில் இருக்கும் மாக்குலா, அதாவது கூர்மையான பார்வைக்குப் பொறுப்பான இடம், தப்பித்திருந்தது.

கையில் பிடித்துப் பார்க்கும் சாதாரண ஆஃப்தல்மாஸ்கோப்பில் இந்தத் திட்டுகள் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது. அது நடுப்பகுதியை மட்டும்தான் காட்டும். இடது கண்ணையும் அதே கவனத்தோடு ஓரம் வரை பார்த்தோம். சுத்தமாக இருந்தது.

பெயர் வைப்பது

1994-ல் அமெரிக்க யுவியைட்டிஸ் சங்கம் இந்த நோய்க்கு ஒரு வரையறை வகுத்தது. ஓரப் பகுதியில் தெளிவான விளிம்புள்ள நசிவுத் திட்டு, மருந்து இல்லாவிட்டால் வேகமாகப் பெருகுதல், வட்டமாகச் சுற்றிப் பரவுதல், தமனிகளை அடைக்கும் ரத்தக்குழாய் நோய், முன்னறையிலும் விட்ரியஸிலும் கணிசமான அழற்சி. இந்த வரையறையில் எனக்குப் பிடித்தது, எந்த வைரஸ் என்று அது கேட்பதில்லை. நோயாளியின் எதிர்ப்புச் சக்தி எப்படி என்றும் கேட்பதில்லை. கண்ணில் பார்த்ததை வைத்தே முடிவு செய்யலாம். பிற்பாடு 2021-ல் வந்த வகைப்பாட்டில் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கும் இடம் கொடுத்தார்கள். ஆய்வுக் கட்டுரைகளுக்கு அது நல்லது. ஆனால் நோயாளி எதிரில் உட்கார்ந்திருக்கும் மாலை நேரத்தில் உதவுவது பழையதுதான்.

வேறு என்னவாக இருக்கலாம்? டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி என்றால் பெரும்பாலும் பக்கத்திலேயே ஒரு பழைய தழும்பு இருக்கும், இத்தனை வேகமும் இருக்காது. சைட்டோமெகலோ வைரஸ் என்றால் எதிர்ப்புச் சக்தி படுத்திருக்கும், ரத்தக் கசிவு நிறைய இருக்கும், விட்ரியஸ் இவ்வளவு கலங்காது. எச்.ஐ.வி. முற்றிய நிலையில் இதே ஹெர்பீஸ் குடும்பம் விழித்திரையின் வெளி அடுக்கை வேறு விதமாகத் தாக்கும். அதிலும் விட்ரியஸ் தெளிவாகத்தான் இருக்கும். பெசெட் நோயில் வரும் வெள்ளைத் திட்டுகள் இப்படி ஒன்றுசேர்ந்து ஓரத்தைச் சுற்றி ஓடுவதில்லை. சிஃபிலிஸ் மட்டும் தனி. அது எந்த விழித்திரை நோய் போலவும் வேஷம் போடும், பென்சிலினில் குணமும் ஆகும். அதனால் அதற்கான ரத்தச் சோதனையைக் கேட்காமல் விடவே கூடாது. வயதானவராக இருந்தால் கண்ணுக்குள் வரும் லிம்ஃபோமா என்ற புற்றுநோயையும் நினைக்க வேண்டும்.

பட்டியல் நீளமாக இருந்தாலும் அன்றைய முடிவு குழப்பமானதாக இல்லை. சந்தேகிக்கும் நோய்களிலேயே மணிக்கணக்கு முக்கியமாக இருப்பது ஏ.ஆர்.என்.தான். வைரஸைத் தடுக்கும் அசைக்ளோவிரைத் தவறாகக் கொடுத்துவிட்டால் இரண்டு நாளில் நிறுத்திக்கொள்ளலாம், பெரிய நஷ்டமில்லை. கொடுக்காமல் இரண்டு நாள் காத்திருந்தால் இழந்த விழித்திரையைத் திருப்பி வாங்க முடியாது. ஆகவே சோதனை முடிவு வரும் முன்பே மருந்து தொடங்கிவிட வேண்டும். இந்த நோயைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அன்று மாலை

மெல்லிய ஊசியால் முன்னறையிலிருந்து சுமார் 0.1 மி.லி. நீர் எடுத்து பிசிஆருக்கு அனுப்பினோம். அதே இருக்கையில், விட்ரியஸுக்குள் இன்னொரு வைரஸ் மருந்தான ஃபாஸ்கார்னெட் 2.4 மி.கி.யை 0.1 மி.லி. அளவில் செலுத்தினோம். முதலில் நீரை எடுத்ததில் இன்னொரு லாபமும் உண்டு. ஏற்கெனவே அழுத்தம் 30 இருக்கிற கண்ணில் ஊசி போட்டால் இன்னும் ஏறும். எடுத்த நீர் அதற்கு இடம் கொடுத்தது.

உள்நோயாளியாகச் சேர்த்து, கிலோவுக்கு 10 மி.கி. கணக்கில் நரம்பு வழியே அசைக்ளோவிர். அவர் எடை 64 கிலோ, ஆக 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 640 மி.கி. ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் மருந்து சிறுநீரகக் குழாய்களில் படிகமாகப் படிந்துவிடும். அதனால் முதலிலேயே, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்தோம் (0.9 இருந்தது), நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டோம், ஒருநாள் விட்டு ஒருநாள் கிரியாட்டினினைத் திரும்பப் பார்த்தோம். எச்.ஐ.வி., சிஃபிலிஸ் சோதனைகள் மறுநாள் வந்தன, இரண்டும் இல்லை.

ஊசி வழி அசைக்ளோவிர்தான் வேண்டுமா, வலசைக்ளோவிர் மாத்திரை போதாதா என்ற கேள்வி இப்போது நியாயமானதுதான். அசைக்ளோவிரை வாயால் சாப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேர்வதில்லை. வலசைக்ளோவிரில் பாதிக்கு மேல் சேர்கிறது. 2 கிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை கொடுத்தால் ரத்தத்தில் சேரும் அளவு ஊசிக்கு நெருக்கமாக வந்துவிடும். 2017-ல் அமெரிக்கக் கண் மருத்துவ அகாதமி வெளியிட்ட மதிப்பீடும், தொடக்க சிகிச்சைக்கு இரண்டு வழியும் ஏற்றவை என்றுதான் சொன்னது. கண்ணுக்குள் போடும் ஃபாஸ்கார்னெட்டை இதோடு சேர்ப்பது தனி மருந்தைவிடக் கூடுதல் பலன் தரலாம் என்றும் சொன்னது. படுக்கை கிடைக்காத இடத்தில், சேர்க்கை நாளைக்குத்தான் என்ற நிலையில், இன்றைக்கே மாத்திரையைத் தொடங்கிவிடலாம் என்பது இதில் உள்ள பெரிய ஆறுதல்.

அசைக்ளோவிர் வேலை செய்யும் விதம் அழகானது. மருந்தாக உடம்புக்குள் போகும்போது அது செயலற்றதுதான். வைரஸ் வைத்திருக்கும் தைமிடின் கைனேஸ் என்ற நொதி தொட்ட பிறகுதான் அது விஷமாக மாறத் தொடங்கும். ஆக வைரஸ் புகுந்த செல்லில் மட்டும் வேலை. மற்ற செல்கள் ஏறக்குறைய தப்பிக்கும். இந்த மருந்துக்குப் பின்னால் இருந்த குழுவை நடத்திய கெர்ட்ரூட் எலியன் 1988-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஃபாஸ்கார்னெட்டுக்கு அந்த நொதி தேவையில்லை. அது வைரஸின் டிஎன்ஏ பாலிமரேஸை நேராகப் போய்த் தடுக்கும். இரண்டும் வேறுவேறு வழி என்பதால்தான் சேர்த்துக் கொடுப்பது.

கொஞ்சம் பழைய கதை. 1971-ல் ஜப்பானில் உராயாமாவும் உடன் இருந்தவர்களும் இந்த நோயை முதன்முதலில் விவரித்தார்கள். காரணம் தெரியாது. 1982-ல்தான், எடுக்கப்பட்ட ஒரு கண்ணை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த கல்பர்ட்சன் குழு, விழித்திரைக்குள் ஹெர்பீஸ் வகை வைரஸ் இருப்பதைக் காட்டியது. இடைப்பட்ட பத்தாண்டில் இந்த நோயோடு வந்தவர்களுக்கு எந்த மருத்துவரும் எந்த மருந்தை நம்பிக் கொடுத்திருக்க முடியும்? நோய்க்குப் பெயர் இருந்தது, எதிரி யாரென்று தெரியவில்லை.

இரண்டாம் நாள்

இரண்டாம் நாள் காலை திட்டு பெரிதாகியிருந்தது. 7 மணியிலிருந்து 12 மணி வரை. அகல்கோணப் படத்தை முந்தைய நாள் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சந்தேகத்துக்கே இடமில்லை.

அவருடைய மனைவிதான் கேட்டார்: "மருந்து ஏறிக்கிட்டு இருக்கும்போதே பெருசாகுதுன்னா, மருந்து கேக்கலைன்னுதானே சார் அர்த்தம்?"

நியாயமான கேள்வி. மருந்து தொடங்கி முதல் இரண்டு நாள் திட்டு வளர்வது இந்த நோயில் எதிர்பார்ப்பதுதான். ஏற்கெனவே வைரஸ் புகுந்த செல்கள், மருந்து வந்தாலும் செத்துத்தான் தீரும். அந்தச் சாவு கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும். நாம் பார்ப்பது நேற்றைய சேதம். இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் இரண்டாம் நாள் நோயாளியின் நம்பிக்கை போகும். அதைவிட மோசம், மருத்துவரே பதறிப்போய் மருந்தை மாற்றுவார். நான்கைந்து நாள் கழித்தும் புதுத் திட்டு வந்தால்தான் மருந்துக்கு மசியாத வைரஸையோ, நோயைத் தப்பாகக் கணித்துவிட்டதையோ நினைக்க வேண்டும்.

அன்று மாலை பிசிஆர் வந்தது. வேரிசெல்லா சோஸ்டர், அதாவது சின்னம்மையையும் அக்கியையும் கொடுக்கும் அதே வைரஸ். ஏ.ஆர்.என். நோய்க்கு மிக அதிகமாகக் காரணமாவது இதுதான். ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் இரண்டாம் வகை இளவயதினரிடம் அதிகம். முதல் வகை வந்தவர்களில் சிலருக்கு முன்பு மூளைக்காய்ச்சல் வந்திருக்கும். அதனால்தான் முதல் நாளே அதைக் கேட்டது.

மருந்து 48 மணி நேரம் உள்ளே போன பிறகு, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 40 மி.கி. அளவில் சேர்த்தோம். இதே ஸ்டீராய்டைத்தானே மேலே வழிவிட்டது என்று எழுதினாய் என்று கேட்கலாம். வைரஸைப் பிடித்துக்கட்டும் முன் கொடுத்தால் அது வழிவிடும். கட்டிய பிறகு கொடுத்தால், நமது உடம்பே கிளப்பும் அழற்சியிலிருந்து பார்வை நரம்பையும் விட்ரியஸையும் காப்பாற்றும். நரம்புத் தலை உப்பியிருந்த இவருக்கு அது தேவைப்பட்டது. சிலர் ஆஸ்பிரினும் சேர்ப்பார்கள். பலன் உண்டு என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லாததால் நாங்கள் சேர்க்கவில்லை.

நான்காம் நாள் இரண்டாவது ஃபாஸ்கார்னெட், எட்டாம் நாள் மூன்றாவது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு புதுத் திட்டு இல்லை. திட்டுகளின் அடர் வெள்ளை மங்கி, விளிம்பு பிசிறு பிசிறாகக் கலையத் தொடங்கியது. அழுத்தம் 16-க்கு இறங்கியது. மாக்குலா வரை நோய் வரவில்லை. 10 நாள் ஊசி முடிந்து, வலசைக்ளோவிர் 1 கிராம் மாத்திரை நாளுக்கு மூன்று வேளை என்று வீட்டுக்கு அனுப்பினோம்.

லேசர் போடவில்லை, ஏன்?

செத்த விழித்திரை நைந்த துணி மாதிரி. வைரஸ் போன பிறகும் அது அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். வாரங்கள் போகப் போக, அழற்சியில் இறுகிய விட்ரியஸ் சுருங்கி அதை இழுக்கும். நைந்த இடத்துக்கும் நல்ல இடத்துக்கும் நடுவே பல ஓட்டைகள் விழும். அவற்றின் வழியே நீர் புகுந்து விழித்திரை முழுவதும் கழன்று வரும். பழைய ஆய்வுகளில் பாதிக்கும் மேற்பட்ட கண்களில் இப்படி நடந்தது. ஏ.ஆர்.என். வந்தவர்கள் பார்வையை இழப்பது பெரும்பாலும் வைரஸ் இருக்கும்போது அல்ல. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும் இரண்டாம், மூன்றாம் மாதத்தில்.

அப்படியென்றால் நைந்த பகுதிக்கும் நல்ல பகுதிக்கும் நடுவே முன்கூட்டியே லேசரால் வேலி போட்டுவிட்டால் என்ன? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பல மருத்துவர்கள் போடுகிறார்கள். போட்டவர்களுக்கு விழித்திரை விலகல் குறைவு என்று காட்டும் கட்டுரைகளும் இருக்கின்றன. ஆனால் அவற்றை நம்புவதில் ஒரு சிக்கல். லேசர் போட வேண்டுமானால் விட்ரியஸ் தெளிவாக இருக்க வேண்டும். விட்ரியஸ் தெளிவாக இருக்கிற கண் என்றால் நோயே லேசானது. லேசான நோய்க்கு லேசர் போட்டுவிட்டு, கலங்கிய கண்களோடு ஒப்பிட்டால் லேசர் ஜெயிக்கத்தான் செய்யும். ஆளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த பெரிய சோதனை இந்த அரிய நோயில் நடக்கவில்லை. மேலே சொன்ன 2017 மதிப்பீடும் லேசர் விஷயத்தில் முடிவுக்கு வரவில்லை.

இவர் கண்ணில் முதல் இரண்டு வாரம் பின்பகுதி சரியாகத் தெரியவே இல்லை. தெரிந்தபோது, லேசர் போட வேண்டிய கோடு நல்ல விழித்திரைக்குள் ரொம்பவே உள்ளே வந்திருந்தது. தவிர, விட்ரியஸின் இழுவையை லேசர் குறைக்காது. இழுவை பலமாக இருந்தால் வேலிக்கு உள்ளேயே புது ஓட்டை விழும். வாராவாரம் பார்ப்பது, கழன்றால் உடனே அறுவை சிகிச்சை என்று முடிவு செய்தோம். வேறொரு குழு வேறு முடிவு எடுத்திருந்தால் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

மாத்திரையை நிறுத்தலாமா

ஐந்தாம் வாரம். கண்ணின் சிவப்பு போய்விட்டது, வலி இல்லை, பார்வை 6/12. "இன்னும் எதுக்கு சார் இத்தனை மாத்திரை?" என்றார். வீட்டிலும் எல்லாரும் அதையே கேட்டார்களாம்.

மாத்திரை வலது கண்ணுக்காக மட்டும் இல்லை என்பதை அப்போது திரும்பவும் விளக்கினோம். இந்த நோய் ஒரு கண்ணில் தொடங்கி அடுத்த கண்ணுக்கும் போகலாம்; போனால் பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் போகும். சிலருக்குப் பல ஆண்டு கழித்தும் போயிருக்கிறது. 1991-ல் வந்த ஓர் ஆய்வில், அசைக்ளோவிர் எடுத்தவர்களில் சுமார் 75 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டு வரை மறு கண் தப்பியது. எடுக்காதவர்களில் சுமார் 35 சதவீதம் பேருக்குத்தான் தப்பியது. பழைய ஆய்வு, ஆள்கள் குறைவு, சரி. ஆனாலும் 6/6 பார்வையுள்ள கண்ணை வைத்துக்கொண்டு இந்த வித்தியாசத்தை அலட்சியம் செய்ய முடியாது. மூன்று மாதம் முழுக்க எடுப்பது என்று அவர் ஒத்துக்கொண்டார். தினமும் காலையில் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னோம். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும்.

ஒன்பதாம் வாரம்

அந்தப் பழக்கம்தான் கை கொடுத்தது. ஒன்பதாம் வாரம் ஒரு காலை, இடது கண்ணை மூடிப் பார்த்தபோது வலது கண்ணின் மூக்குப்பக்கத்தில் ஒரு நிழல். முந்தைய நாள் இல்லை. அன்றே வந்தார். கீழ்க் காதுப்பக்கம் விழித்திரை கழன்றிருந்தது. நைந்த பகுதியின் விளிம்பில் மூன்று ஓட்டைகள். மாக்குலா இன்னும் ஒட்டியே இருந்தது.

மாக்குலா ஒட்டியிருக்கும்போது செய்வதற்கும் கழன்ற பிறகு செய்வதற்கும் பார்வையில் பெரிய வித்தியாசம். மறுநாளே விட்ரெக்டமி, அதாவது விட்ரியஸை அகற்றும் அறுவை சிகிச்சை செய்தோம். சுருங்கிய விட்ரியஸை விழித்திரையின் மேலிருந்து முழுவதுமாக உரித்து எடுப்பதுதான் இதில் கடினமான வேலை; நைந்த இடத்தில் கொஞ்சம் பலமாக இழுத்தாலும் புது ஓட்டை விழும். பிறகு நீரை வெளியேற்றி விழித்திரையைப் படிய வைத்து, நல்ல பகுதியின் விளிம்பு நெடுகிலும் லேசர் போட்டு, கண்ணுக்குள் சிலிகான் ஆயில் நிரப்பினோம். ஆயிலுக்குப் பதிலாக வாயுவை நிரப்புவதும் உண்டு, ஆனால் அது சில வாரங்களில் தானாகக் கரைந்துவிடும். இத்தனை ஓட்டை விழக்கூடிய விழித்திரைக்கு நீண்ட நாள் தாங்கிப் பிடிக்க ஏதாவது வேண்டும் என்பதால்தான் ஆயில். அறுவை சிகிச்சையின்போது வலசைக்ளோவிர் தொடர்ந்தது. மூன்று மாதத்தோடு நிறுத்தலாம் என்றிருந்ததை இன்னும் ஒரு மாதம் நீட்டினோம்.

ஆயில் உள்ளே இருக்கும்வரை கண்ணின் பவர் பிளஸ் பக்கம் தாண்டிவிடும். அந்த மாதங்களில் அவருக்கு வலது கண்ணில் தெளிவு இல்லை. இரண்டு கண்ணையும் ஒன்றாகப் பயன்படுத்துவதே சங்கடமாக இருந்தது. அறுவை சிகிச்சை தோற்றுவிட்டதோ என்று பயந்தார். வைத்தியத்தின் மொத்தக் காலத்திலும் அவர் மனதளவில் மிகவும் தளர்ந்திருந்தது இப்போதுதான். கண்ணில் வைரஸ் பரவிய நாட்களில்கூட இவ்வளவு தளரவில்லை. ஆயிலால் வரும் மங்கலுக்கும் விழித்திரை சேதத்தால் வரும் மங்கலுக்கும் உள்ள வித்தியாசத்தை முன்கூட்டியே விளக்கி எழுதிக் கொடுத்துவிட்டால் பாதிப் பயம் குறையும்.

ஐந்து மாதம் கழித்து ஆயிலை எடுத்தோம். அதற்குள் கண்புரையும் வந்திருந்தது. விட்ரெக்டமியும் ஆயிலும் சேர்ந்தால் அது ஏறக்குறைய நிச்சயம். ஒரே அமர்வில் புரையையும் நீக்கி லென்ஸ் வைத்தோம்.

இப்போது

முதல் நாள் வந்து பதினெட்டு மாதம் ஆகிறது. வலது கண் பார்வை 6/12. நரம்புத் தலை லேசாக வெளுத்திருக்கிறது; அதனால் நிறங்கள் கொஞ்சம் மங்கலாகத் தெரிகின்றன. பார்வைப் புலத்தில் வலது கண்ணின் மூக்குப்பக்கம் ஒரு பெரிய பகுதி இல்லை. காதுப்பக்க விழித்திரை போனால் மூக்குப்பக்கப் புலம் போகும். அந்தப் பக்கத்தை இடது கண்ணும் பார்ப்பதால் அன்றாடம் அவருக்கு அது தெரிவதில்லை. நோய் மூக்குப்பக்க ஓரத்தில் தொடங்கியிருந்தால் வலது ஓரத்துப் புலம் போயிருக்கும்; அதை ஈடுகட்ட இடது கண்ணால் முடியாது. வகுப்பில் பாடம் எடுக்கிறார், படிக்கிறார், எழுதுகிறார். இடது கண் 6/6, ஓரம் வரை சுத்தம்.

இனி ஒரு கேள்வி பாக்கி. குறைந்த அளவில், தினம் ஒரு வலசைக்ளோவிர் 500 மி.கி. என்று ஆண்டுக்கணக்கில் தொடர்வதா? பார்க்கும் கண் ஒன்றே ஒன்று மிச்சமிருப்பவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் பலர் தொடர்கிறார்கள். இவர் அந்த இரண்டு வகையிலும் இல்லை. இரண்டு பக்கமும் பேசிப் பார்த்து, நிறுத்திவிடுவது, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பாவை விரித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். கண்ணுக்குள் ஸ்டீராய்டு செலுத்திய பின் ஏ.ஆர்.என். கிளம்பியதாகப் பதிவுகள் இருப்பதால், எந்தக் கண்ணிலும் எதிர்காலத்தில் ஸ்டீராய்டு ஊசியோ அறுவை சிகிச்சையோ தேவைப்பட்டால், முதலில் வைரஸ் மருந்தைத் தொடங்கிய பிறகே செய்ய வேண்டும் என்று அவருடைய மருத்துவச் சீட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.